எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம்: செவித்திறனைக் காக்க ஓர் எளிய கணக்கு

காது வலிக்கத் தொடங்கும் அளவும் காது கெடத் தொடங்கும் அளவும் ஒன்றல்ல. பெரும்பாலோருக்கு ஓசையால் வலி எடுப்பது ஏறத்தாழ 120 டெசிபெல்லைத் தாண்டிய பிறகுதான். ஆனால் நாள்தோறும் மணிக்கணக்கில் கேட்டுவந்தால் செவித்திறனைக் குறைத்துவிடக்கூடிய ஓசை 85 டெசிபெல் அளவிலேயே தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையில் கிரைண்டர் பிடித்து இரும்பைத் தேய்க்கும் ஊழியர், பெருவிரைவு ரயிலில் இயர்போனைச் செருகிக்கொண்டு நிற்கும் மாணவர், தைப்பூசத்தன்று உறுமி மேளத்தை ஒட்டியே நிற்பவர் ஆகிய மூவரும் இவ்விரு அளவுகளுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் இருக்கிறார்கள். வலி இல்லாததால் கெடுதலும் இல்லை என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் சூடு பட்டவுடன் கையை இழுத்துக்கொள்ளச் செய்யும் உணர்வைப் போன்ற எதுவும் இந்த இடைப்பட்ட அளவில் காதுக்குத் துணை நிற்பதில்லை. ஆகவே உணர்வை நம்பாமல் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது: ஒன்று ஒலியின் அளவு, மற்றொன்று அதைக் கேட்டிருக்கும் நேரம்.

டெசிபெல் என்னும் அலகு முதலில் சற்றுக் குழப்பும், ஏனெனில் அது மடங்குகளை எண்ணும் அலகு. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், 70 டெசிபெல் ஓசை அதைப்போல் 10 மடங்கு ஆற்றலையும், 80 டெசிபெல் ஓசை 100 மடங்கு ஆற்றலையும் காதுக்குள் செலுத்துகிறது. மூன்று டெசிபெல் கூடினாலே ஆற்றல் இரு மடங்காகிவிடும். 100 டெசிபெல் எழுப்பும் துளைக்கருவி ஓடும் இடத்தில் அதே போன்ற இன்னொன்றையும் ஓடவிட்டால் கிடைப்பது 200 டெசிபெல் அன்று, 103 டெசிபெல்தான். எண்ணில் அற்பமாகத் தெரியும் அந்த மூன்று, காதின் மேல் விழும் சுமையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. இதில் ஏமாறுவது நம் மூளையும்கூட. ஆற்றல் 10 மடங்கு உயர்ந்தாலும் ஓசை இரு மடங்கு பெருத்ததாகத்தான் நமக்குத் தோன்றும். சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று நாம் நினைக்கும்போது, உண்மையில் கூடியிருப்பது கொஞ்சம் அன்று.

இந்த மூன்று டெசிபெல் விதியை நேரத்தோடு சேர்த்தால் கணக்கு முழுமை பெறும். சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார விதிமுறைகளில் இரைச்சலுக்கென 2011இல் வகுக்கப்பட்டவை, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்லை வரம்பாகக் கொள்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிவிடும்: 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று, 97 என்றால் அரை மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். கிரைண்டர்களும் கான்கிரீட் உடைக்கும் கருவிகளும் 100ஐத் தொடுவது சாதாரணம் என்பதால், காப்பு எதுவும் அணியாமல் அவற்றைக் கையில் எடுத்தவர், வேலைக்கு முன் நடக்கும் ‘டூல்பாக்ஸ்’ என்னும் பாதுகாப்புக் கூட்டம் முடிந்து வேலையைத் தொடங்கிய கால் மணி நேரத்திலேயே அன்றைய நாளுக்குரிய ஒலியை முழுவதும் வாங்கிக்கொண்டுவிடுகிறார். எஞ்சிய ஏழே முக்கால் மணி நேரமும் வரம்பு மீறல்தான்.

ஒலிமானி கையில் இல்லாதவருக்கு ஒரு நாட்டுவழிச் சோதனை உண்டு. கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் பேச நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடம் பெரும்பாலும் 85 டெசிபெல்லை எட்டியிருக்கும். கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஒலிமானிச் செயலிகளும் ஓரளவுக்கு உதவும். அவற்றில் ‘ஏ’ என்று குறிக்கப்பட்ட அளவைப் பார்க்க வேண்டும், ஏனெனில் மனிதக் காது எந்தச் சுருதிகளை நன்கு கேட்குமோ அவற்றுக்கேற்பச் சரிசெய்யப்பட்ட அளவு அதுதான். இக்கட்டுரையில் தொடர் ஓசைக்குச் சொல்லப்படும் வரம்புகளும் அந்த அளவிலானவையே.

இனி, கெடுவது எது என்று பார்க்கலாம். செவிப்பறையில் மோதும் ஒலி, அதற்குப் பின்னாலுள்ள மூன்று சிற்றெலும்புகள் வழியாக, நத்தை ஓடுபோல் சுருண்டு நீர் நிறைந்திருக்கும் உட்செவிச் சுருளுக்குள் நுழைகிறது. அங்கே ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் தலையிலுள்ள நுண்மயிர்கள் நீரின் அசைவில் சாயும்போது எழும் மின்குறிப்பே நரம்பு வழியாக மூளைக்குச் சென்று ஓசையாகிறது. சுருளின் வாயிற்பகுதி உயர்ந்த சுருதிகளையும், உள்முனை தாழ்ந்த சுருதிகளையும் ஏற்கும். இந்தச் சுருளுக்குள் அலை எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் கியோர்க் வான் பெக்கேசிக்கு 1961இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

பேரொலி தொடர்ந்து தாக்கும்போது மயிரணுக்கள் களைத்து, நுண்மயிர்கள் குலைந்து, கடைசியில் இறந்தும் போகின்றன. இறந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கும் என்று 1980களின் இறுதியில் கோழிகளிலும் காடைகளிலும் செய்த ஆய்வுகள் காட்டின. இந்த ஒரு விஷயத்தில் கோழி நம்மைவிடக் கொடுத்துவைத்தது. நமக்கோ பிறக்கும்போது வந்ததுதான் மொத்தக் கையிருப்பு. முதுமை அதில் தன் பங்கை எப்படியும் எடுத்துக்கொள்ளும் என்பதால், இளமையில் இரைச்சலால் இழந்தது அறுபது வயதுக்குமேல்தான் முழுக் கனத்தோடு தெரியவரும்.

காதுக்கென்று இயற்கையான தற்காப்பு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பேரொலி வந்தால் நடுச்செவியிலுள்ள ஒரு சிறு தசை சுருங்கி, எலும்புகளின் அசைவைக் கட்டுப்படுத்தும். ஆனால் அது செயல்படுவதற்குள் நொடியின் ஒரு பகுதி கழிந்துவிடும். அதற்குள் துப்பாக்கி வெடித்து முடிந்திருக்கும். தொடர்ந்து ஒலிக்கும் இரைச்சலிலோ அத்தசை சோர்ந்துபோகும். திடீரென வெடிக்கும் ஓசைக்கு நேரக் கணக்கு பொருந்தாமல், உச்ச அளவு 140 டெசிபெல் என்று விதிமுறைகள் தனி வரம்பு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணியில் சுடுபயிற்சித் திடலுக்குச் சென்றவர்கள், காதடைப்பான் இல்லாமல் யாரையும் சுட விடமாட்டார்கள் என்பதை அறிவார்கள். துப்பாக்கிச் சூட்டின் உச்சம் சுடுபவரின் காதருகில் அந்த 140ஐத் தாண்டிவிடும். அங்கே ஒரே ஒரு தோட்டாகூடச் சேதம் விளைவிக்கப் போதும்.

பலத்த ஓசையிலிருந்து வெளியே வந்ததும் காது அடைத்தது போலவும், உள்ளே ‘ஙொய்’யென்று இரைவது போலவும் இருந்து, மறுநாள் சரியாகிவிடுவதைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்து மீளும் நிலை அது. சரியாகிவிட்டது என்று அதை மறந்துவிடுகிறோம். 2009இல் ஷேரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்த உண்மை வேறு: கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், மயிரணுக்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமானவை நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதரிடமும் அப்படியே நடக்கிறதா என்ற விவாதம் அறிஞர்களிடையே தொடர்கிறது. கம்பியை ஒருமுறை வளைத்து நிமிர்த்தினால் பழையபடியே தெரிந்தாலும், வளைத்த இடம் பழைய கம்பியன்று என்பதைப் போல இதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இரைச்சலால் வரும் செவித்திறன் குறைபாடு முதலில் தாக்குவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையிலான சுருதிகளை, குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. இதன் விளைவு விசித்திரமானது. உயிரோசைகள் தாழ்ந்த சுருதியில் கனமாக ஒலிப்பதால் அவை நன்றாகவே கேட்கும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக்காட்டும் மெல்லிய உயர்சுருதிக் கூறுகள் மட்டும் தொலைந்துபோகும். ‘தட்டு’ என்றது ‘கட்டு’ என்றும், ‘பத்து’ என்றது ‘சத்து’ என்றும் காதில் விழும். அமைதியான அறையில் இடம் பார்த்து, வாய் பார்த்துச் சமாளித்துவிடுபவர், தேக்கா உணவங்காடி நிலையத்தின் கூச்சலில் எதிரே இருப்பவர் சொல்வதைப் பிடிக்க முடியாமல் திணறுவார். “எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, இந்தப் பிள்ளைகள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்” என்று வீட்டுப் பெரியவர் குறைப்பட்டுக்கொண்டால், அதை வெறும் சலிப்பாக ஒதுக்காமல் ஒரு செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நல்லது.

வேலையிடங்களில் இது புதிய கதையன்று. 1886இலேயே கிளாஸ்கோ நகர மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரின் காதுகளைச் சோதித்து, அவர்களின் கேட்கும் திறன் தபால்காரர்களைவிட மிக மோசமாக இருந்ததைக் காட்டினார். இரும்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்த அன்றைய ஓசைக்கும், இன்று கப்பல் பட்டறையில் துருவைச் சுரண்டியெடுக்கும் ஓசைக்கும் காதைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடில்லை. சிங்கப்பூரிலும் இரைச்சலால் வரும் காது கேளாமை, தொழில்சார் நோய்களில் முன்வரிசையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரக்கூடிய நோய்களில் அதுவும் ஒன்று.

சட்டம் முதலில் கேட்பது காதடைப்பானை அன்று. இயந்திரத்தின் இரைச்சலைக் குறைப்பது, அதைத் தடுப்புக்குள் அடைப்பது, ஆட்களைத் தள்ளி நிறுத்துவது, வேலையை முறை மாற்றி ஒருவருக்குரிய நேரத்தைக் குறைப்பது ஆகியவை முதலாளியின் கடமைகள். அவற்றுக்குப் பிறகும் மிஞ்சும் இரைச்சலுக்குத்தான் செவிக்காப்பு. திறந்த வெளியில் தூரத்தை இரு மடங்காக்கினால் ஏறத்தாழ ஆறு டெசிபெல் குறையும், அதாவது அனுமதிக்கப்பட்ட நேரம் நான்கு மடங்காகும். காசு செலவில்லாத இந்த வழியைவிட, பெட்டி பெட்டியாகக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்துக் கடமை முடிந்தது என்றிருப்பது பல இடங்களில் சுலபமாகக் கருதப்படுகிறது என்பது என் வருத்தம்.

அடுக்குமாடி வீடுகளின் புதுப்பிப்புப் பணிகளையும் இங்கே சொல்ல வேண்டும். சுவரையும் தரையையும் உடைத்தெடுக்கும் ஹேக்கிங் போன்ற பேரிரைச்சல் வேலைகளை வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே செய்ய வேண்டும் என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் விதித்திருக்கிறது. மேல்மாடிச் சத்தத்தால் தலைவலி வந்ததென்று நாம் குறைகூறும்போது, சுவரும் தளமும் தடுத்த பிறகு நம்மை வந்தடைவது பெரும்பாலும் எரிச்சலூட்டும் ஓசையே தவிர, காதைக் கெடுக்கும் ஓசையன்று. கெடுவது, நான்கு சுவருக்குள் எதிரொலிக்கும் அந்த அறையில் இயந்திரத்தை மார்போடு அணைத்து நிற்பவரின் காது. எரிச்சலையும் ஆபத்தையும் ஒன்றாக எண்ணும்போது அவரை மறந்துவிடுகிறோம்.

செவிக்காப்பில் பெரும்பாலோர் தவறவிடுவது மீண்டும் நேரக் கணக்கைத்தான். 100 டெசிபெல் இரைச்சலில் எட்டு மணி நேரம் நல்ல காதடைப்பான் அணிந்திருந்த ஒருவர், மேற்பார்வையாளர் சொல்வது கேட்கவில்லை என்று இடையிடையே கழற்றியதில் மொத்தம் அரை மணி நேரம் வெறுங்காதோடு இருந்துவிட்டார் என்று கொள்வோம். 100 டெசிபெல்லுக்கு அனுமதிக்கப்பட்டது 15 நிமிடமே. எனவே ஏழரை மணி நேரம் ஒழுங்காக அணிந்திருந்தும், கழற்றிய அந்த அரை மணியிலேயே ஒரு நாளுக்குரியதைப்போல் இரு மடங்கு அவர் காதுக்குள் போய்விட்டது. அதனால்தான், உறையில் 33 டெசிபெல் என்று அச்சிட்டிருந்தும் நச்சரிப்பதால் கழற்றப்படும் காப்பைவிட, 20 டெசிபெல்லே குறைத்தாலும் வேலை முடியும்வரை காதில் இருக்கும் காப்பு சிறந்தது. உறையிலுள்ள எண்ணும் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. நுரைக் காதடைப்பானுக்கு அதில் பாதியையே கணக்கில் கொள்ளுமாறு அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1998இல் பரிந்துரைத்தது.

அந்தப் பாதியும் சரியாகச் செருகினால்தான் கிடைக்கும். நுரைக் காதடைப்பானைச் சுத்தமான கைவிரல்களுக்கிடையே மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். தலைக்குப் பின்புறமாக மற்றக் கையைக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால், வளைந்திருக்கும் காதுக்குழாய் நேராகும். அப்போது உள்ளே செருகி, நுரை விரிந்து நிறையும்வரை, ஏறத்தாழ அரை நிமிடம், விரல்நுனியால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அந்த அரை நிமிடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். சரியாகப் பொருந்தியிருந்தால் நம் சொந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்; இரு உள்ளங்கைகளாலும் காதை மூடித் திறந்து பார்த்தால் வெளியோசையில் பெரிய மாற்றம் தெரியாது. எதிரே நிற்பவர் உங்கள் காதைப் பார்க்கும்போது பாதி அடைப்பான் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அது வெறும் அலங்காரம்.

காதுகளை வெளியிலிருந்து மூடும் இயர் மஃப் வகையில் உருட்டும் வேலை இல்லை. ஆனால் கண்ணாடிக் காம்பு, தலைக்கவசத்துக்கு அடியில் வியர்வைக்காகக் கட்டிய துண்டு, கன்னத்துத் தாடி என எது இடையில் புகுந்தாலும் அந்தச் சிறு இடைவெளி வழியே ஒலி உள்ளே வந்துவிடும். நம் ஊர் வெக்கையில் மெத்தை வியர்த்து ஊறிக் கெட்டிப்படவும் செய்யும். அப்போது அதை மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து அணிந்தால் குறைப்பு இரு மடங்காகாது; இரண்டில் சிறந்ததோடு ஐந்து டெசிபெல் அளவுதான் கூடும்.

வேலையிடத்துக்கு வெளியே வந்தால் விதிமுறைகள் இல்லை, அளவு மட்டும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பொழுதுபோக்காகக் கேட்கும் ஒலிக்குப் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபெல் என்றும், பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல் என்றும் அளவு சொல்கிறது. வாரத்தில் ஐந்து நாள், போக ஒன்று, வர ஒன்று என நாளுக்கு இரண்டு மணி நேரம் ரயிலில் பாட்டுக் கேட்பவருக்கு வாரத்தில் பத்து மணி நேரம் ஆகிறது. மூன்று டெசிபெல் விதிப்படி அவர் 86 வரை போகலாம். ஒலியை முழுவதும் கூட்டினால் பல கருவிகள் 100ஐ எட்டும். அப்போது ஒரு வாரத்துக்குரியது அரை மணிக்குள் தீர்ந்துவிடும். சுரங்கப் பாதையில் ரயிலின் இரைச்சலை வெல்லத்தான் நாம் ஒலியைக் கூட்டுகிறோம் என்பதால், வெளியிரைச்சலைத் தணிக்கும் இயர்போன்கள் இங்கே உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அவற்றை வேலையிடச் செவிக்காப்பாக எண்ணிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கக் கூடாது.

தீபாவளி வெடி சிங்கப்பூரில் 1972 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால் அந்த அபாயம் இங்கே இல்லை. பண்டிகைக்குத் தமிழ்நாடு செல்பவர்கள் மட்டும், நான்கு மீட்டர் தொலைவில் 145 டெசிபெல் உச்சம் வரை அங்கே அனுமதி உண்டு என்பதை நினைவில் கொண்டு, கைக்குழந்தையோடு எட்டி நிற்பது நல்லது. மேளத்தின் நிலை வேறு. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடப்பவர், மேளம் ஒலிக்கும் இடங்களை வழியில் கடந்து செல்கிறார். உறுமியும் தவிலும் வாசிப்பவருக்கோ அது நாள் முழுவதற்குமான வேலை. ஒத்திகை, திருமணம், திருவிழா என்று ஆண்டு முழுவதும் தொடர்வது. அருகில் 85ஐ எளிதில் தாண்டும் இந்த ஓசையில், இசைக்கலைஞருக்கென்றே செய்யப்படும் காதடைப்பான்கள் பயன்படும். அவை எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் நாதத்தின் நிறம் மாறாது, அளவு மட்டும் இறங்கும். இசைக்கு முன் காதை மூடுவது அவமரியாதை என்று சிலர் நினைக்கலாம். சுருதியை நம்பிப் பிழைப்பவர் சுருதி கேட்கும் காதைக் காத்துக்கொள்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

காதில் பஞ்சை வைத்துக்கொள்வது காப்பாகாது. அது குறைக்கும் அளவு மிகச் சொற்பம். எண்ணெய் விடுவதும் அப்படித்தான். குறும்பி அடைத்ததால் வரும் மந்தத்தை மருத்துவர் அதை எடுத்துச் சரிசெய்துவிடலாம், ஆனால் மயிரணு இறந்ததால் வரும் குறைவுக்கு எந்த எண்ணெயும் போய்ச் சேராது. செவித்துணைக் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். தொலைந்த தெளிவை முழுவதும் மீட்டுத் தராது. டொலுயீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களின் ஆவி இரைச்சலோடு சேர்ந்து உட்செவியைக் கூடுதலாகத் தாக்கும் என்பதால், கப்பலில் சாயம் பூசுவோர் முகக்கவசத்தையும் செவிக்காப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். ஒரு காது திடீரென்று, ஒரே நாளில், கேட்காமல் போனால் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கக் கூடாது. சில நாள்களுக்குள் தொடங்கும் சிகிச்சைக்கே பலன் அதிகம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மெல்ல மெல்ல நேரும் இழப்பைக் கண்டுபிடிக்க ஆண்டுதோறும் செய்யும் செவிப் பரிசோதனையே வழி. மிகை இரைச்சலில் வேலை செய்வோருக்குச் சட்டப்படி இது உண்டு. பொதுவாக 500 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை வெவ்வேறு சுருதிகளில் மெல்லிய ஓசைகளைக் கேட்கச் செய்து, கேட்ட அளவை வரைபடமாகத் தருவார்கள். கோடு 4,000 அருகே மட்டும் பள்ளமாக இறங்கி 8,000இல் மீண்டும் ஏறினால், அது இரைச்சல் பதித்த தடம் என்று ஐயுறலாம். பரிசோதனைக்கு முந்தைய இரவுப் பணியில் இரைச்சலில் இருந்துவிட்டுச் சென்றால் தற்காலிகக் குறைவும் அதில் சேர்ந்து பதிவாகும்; ஆகையால் குறைந்தது 16 மணி நேரம் காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வேலையில் சேர்ந்தபோது எடுத்த முதல் வரைபடத்தின் நகலை ஊழியர் தாமும் கேட்டு வாங்கி, கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்வது பயனுள்ளது. நிறுவனம் மாறும்போது, எந்தப் பள்ளம் எங்கே தொடங்கியது என்று காட்ட அதைவிட்டால் வேறு சான்று அவரிடம் இருக்காது.